பாதி விலை சிலிண்டர் வேண்டாம்

கேள்வி: வேலூரில் மருந்து மொத்த விநியோகம் செய்கிறேன். 2017 மாடல் பெட்ரோல் கார். குடியாத்தம், ஆம்பூர், ராணிப்பேட்டை என்று தினமும் எண்பது, நூறு கிலோமீட்டர் ஓடும். பெட்ரோல் செலவு கட்டுப்படியாகாததால் சிஎன்ஜி கிட் போடலாம் என்றிருக்கிறேன். தெரிந்த மெக்கானிக் ஒருவர், வேறு காரிலிருந்து கழற்றிய சிலிண்டர் இருக்கிறது, பாதி விலைக்கு முடித்துத் தருகிறேன் என்கிறார். பிள்ளைகளைப் பின்சீட்டில் உட்கார வைத்துவிட்டு டிக்கியில் வெடிகுண்டை வைப்பதா என்று மனைவி கேட்கிறார். கல்லூரியில் படிக்கும் மகளோ, சிஎன்ஜி சுத்தமான எரிபொருள் என்பதே பொய், மீத்தேன் கார்பன் டை ஆக்சைடைவிட மோசம் என்கிறாள். இரவில் வண்டி ஷட்டர் போட்ட ஷெட்டில் நிற்கும். வேலூர் வெயிலுக்குத் தாங்குமா? பங்க்கில் ஏன் எல்லோரையும் இறக்கிவிடுகிறார்கள்? என்ன செய்யலாம், சொல்லுங்கள்.

— வேலூர் வாசகர்

பதில்: முதலில் அந்த மெக்கானிக் விஷயத்தை முடித்துவிடுவோம். அந்தச் சிலிண்டரை வாங்காதீர்கள். பாதி விலை என்ன, சும்மா கொடுத்தாலும் வேண்டாம். உங்கள் மற்ற கேள்விகளுக்கு ‘அப்படியும் உண்டு, இப்படியும் உண்டு’ என்று பதில் சொல்லலாம். இதற்கு அப்படி ஒரு பதில் கிடையாது.

உங்கள் கார் டயரில் இருக்கும் காற்றின் அழுத்தம் சுமார் 2.2 பார். சமையலறை சிலிண்டருக்குள் பத்து பாருக்கும் குறைவு. சிஎன்ஜி சிலிண்டரில் 200 பார். எல்பிஜி மாதிரி லேசாக அழுத்தினால் திரவமாகிவிடுகிற வாயு இல்லை இது. சிஎன்ஜியில் இருக்கும் மீத்தேனை வாயுவாகவே வைத்து எட்டு ஒன்பது கிலோவை ஒரு கார் டிக்கிக்குள் அடக்க வேண்டுமென்றால் இவ்வளவு நெருக்கித்தான் ஆக வேண்டும். அதற்காகவே வெல்டிங் மூட்டு எதுவும் இல்லாமல், ஒரே துண்டு எஃகில் சிலிண்டரைச் செய்கிறார்கள். 60 லிட்டர் கொள்ளளவுள்ள ஒன்று ஐம்பது, அறுபது கிலோ எடை இருக்கும். எஃகு சிலிண்டர் 450 பாருக்கு முன்னால் வெடிக்கக் கூடாது என்பது சர்வதேசத் தரம். அதாவது, நிரப்பும் அழுத்தத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் தாங்க வேண்டும். புது சிலிண்டரைப் பொறுத்தவரை நான் தைரியமாக என் வீட்டுப் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போவேன்.

ஓடிய சிலிண்டர் வேறு கதை. வாயுவோடு கொஞ்சம் ஈரமும் பங்க் கம்ப்ரஸரின் எண்ணெயும் உள்ளே வரும். உள்சுவரில் துரு பிடிக்கலாம். நிரப்பும்போதெல்லாம் எஃகு இம்மியளவு விரிகிறது, காலியாகும்போது சுருங்குகிறது. எங்காவது ஒரு கீறல் இருந்தால் இந்த ஏற்ற இறக்கத்தில்தான் அது வளரும். இதையெல்லாம் வெளியே நின்று பார்த்து, தட்டிப் பார்த்து, ‘நல்லாத்தான் இருக்கு சார்’ என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் 2016-ஆம் ஆண்டு கேஸ் சிலிண்டர் விதிகளின்படி மூன்று ஆண்டுக்கு ஒரு முறை ஹைட்ரோ டெஸ்ட் கட்டாயம். நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெசோ என்ற மத்திய அரசின் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு அங்கீகரித்த மையத்தில்தான் அதைச் செய்ய வேண்டும். சிலிண்டரைக் கழற்றி, வால்வை எடுத்துவிட்டு, உள்ளே விளக்கு விட்டுப் பார்ப்பார்கள். எடை போடுவார்கள், புதிதில் இருந்ததைவிடக் குறைந்திருந்தால் துரு தின்றிருக்கிறது என்று அர்த்தம். பிறகு தண்ணீர் நிரப்பி, வழக்கமான அழுத்தத்தைவிட அதிகமாக ஏற்றி, எவ்வளவு விரிகிறது, இறக்கிய பின் பழைய அளவுக்குத் திரும்புகிறதா என்று அளப்பார்கள். தண்ணீர் எதற்கு என்றால், எவ்வளவு அழுத்தினாலும் அது பெரிதாகச் சுருங்காது. சிலிண்டர் கிழிந்தாலும் பீய்ச்சி அடித்துவிட்டு அடங்கிவிடும். இதே சோதனையைக் காற்றை வைத்துச் செய்து சிலிண்டர் கிழிந்தால் பக்கத்தில் நிற்கிறவர் பிழைக்க மாட்டார்.

அடுத்த முறை அந்தப் பட்டறைப் பக்கம் போனால், சிலிண்டரின் கழுத்துக்குக் கீழே, தோள் வளைவில் என்ன குத்தியிருக்கிறது என்று செல்போன் டார்ச் அடித்துப் பாருங்கள். தயாரிப்பாளர் குறி, வரிசை எண், ஐ.எஸ். 15490 என்ற தர எண், வேலை அழுத்தம், சோதனை அழுத்தம், கொள்ளளவு, காலி எடை, சோதித்த மாதம், வருடம் எல்லாம் எஃகிலேயே பொறித்திருக்க வேண்டும். கள்ளச் சிலிண்டர்களை இந்த இடம்தான் காட்டிக்கொடுக்கும். கிரைண்டர் ஓட்டித் தேய்த்த பள்ளம், அதன்மேல் தடிமனாகப் புது பெயின்ட், சில சமயம் கோணல்மாணலாகப் புதிதாகக் குத்திய எண். அப்புறம், கம்ப்ளையன்ஸ் பிளேட் என்று ஒரு சிறிய தகடு, நிரப்பும் வால்வுக்குப் பக்கத்தில் இருக்கும். வண்டி எண், சிலிண்டர் எண், அடுத்த சோதனைத் தேதி எல்லாம் அதில் இருக்கும். தேதி தாண்டியிருந்தால் பங்க்கில் நிரப்ப மறுக்க வேண்டும். வேறு காரிலிருந்து கழற்றிய சிலிண்டருக்கு அந்த வேறு காரின் தகடுதான் உண்டு. உங்கள் மெக்கானிக் அதை எப்படிச் சரிக்கட்டப் போகிறார் என்று கேட்டுப் பாருங்கள். பதில் சுவாரசியமாக இருக்கும்.

இப்போது உங்கள் மனைவியின் கேள்விக்கு வருகிறேன். பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர் பயப்படுவது நியாயம். ஆனால் அவர் மனதில் இருப்பது பெரும்பாலும் எல்பிஜி விபத்தாக இருக்கும். நம் ஊரில் ‘கேஸ் வண்டி’ என்றால் பல வருடமாக எல்பிஜிதான். சென்னை ஆட்டோக்கள் பலவற்றில் இருப்பது அது. வீட்டு சிலிண்டரிலிருந்து திருட்டுத்தனமாக ஏற்றிக்கொண்டு ஓடிய ஆம்னி வேன்களில் இருந்ததும் அதுவே. எல்பிஜி காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம். கசிந்தால் தரையோடு பரவிப் பள்ளத்திலும் சாக்கடையிலும் தேங்கி நிற்கும். காற்றில் 2 சதவீதம் கலந்தாலே பற்றும். சிஎன்ஜியில் பெரும்பகுதி மீத்தேன். காற்றின் எடையில் பாதிக்குச் சற்று மேல், அவ்வளவுதான். திறந்த வெளியில் கசிந்தால் மேலே போய்க் கலைந்துவிடும். காற்றில் 5 சதவீதத்துக்குக் கீழே பற்றாது, 15-க்கு மேலேயும் பற்றாது. தானாகத் தீப்பிடிக்க 500 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். பெட்ரோலுக்கு அதில் பாதி போதும். அந்தப் பெட்ரோல் முப்பது லிட்டருக்கு மேல் இப்போதே அதே பின்சீட்டுக்கு அடியில்தான் கிடக்கிறது. பழகிவிட்டதால் அதற்கு யாரும் பயப்படுவதில்லை.

சிலிண்டர் வால்விலேயே சில காவல்கள் உண்டு. கையால் மூடும் திருகு ஒன்று. குழாய் அறுந்து வாயு தாறுமாறாகப் பாய்ந்தால் ஓட்டத்தைத் தடுக்கும் அமைப்பு ஒன்று. வண்டியே தீப்பிடித்தால், சுமார் 100 டிகிரியில் உருகும் உலோகமும் மெல்லிய தகடும் விட்டுக்கொடுத்து, சிலிண்டர் வெடிப்பதற்கு முன்னால் வாயுவை வெளியேற்றிவிடும். வால்வைச் சுற்றி ஒரு உறை போட்டு, அதிலிருந்து ஒரு குழாயை வண்டிக்கு வெளியே விட்டிருப்பார்கள். சின்னக் கசிவு டிக்கிக்குள் தேங்காமல் அந்த வழியாகப் போய்விடும். மலிவு வேலையில் முதலில் காணாமல் போவது இந்த உறையும் குழாயும்தான். அது இல்லாவிட்டாலும் வண்டி நன்றாகவே ஓடும், மைலேஜ் குறையாது. அதனால் யாருக்கும் தெரியாது.

சரி, பிறகு ஏன் கேஸ் வண்டிகள் எரிகின்றன? நான் பார்த்த வரையில் காரணம் ஒயரிங். கிட் போடுகிறவர் இன்ஜெக்டர் ஒயரை வெட்டி, முறுக்கி, கறுப்பு டேப் சுற்றி விட்டிருப்பார். பாகிஸ்தானின் குஜராத் நகரத்தில் 2013 மே மாதம் ஒரு பள்ளி வேன் எரிந்து, குழந்தைகளும் அவர்களுடைய ஆசிரியையும் இறந்துபோனார்கள். சிஎன்ஜி சிலிண்டர் வெடித்தது என்றுதான் முதலில் செய்தி பரவியது. கேஸிலிருந்து பெட்ரோலுக்கு மாற்றும்போது எழுந்த தீப்பொறி, கசிந்திருந்த பெட்ரோலில் பற்றிக்கொண்டது என்று பிறகு போலீஸ் தரப்பில் சொன்னார்கள்.

நீங்கள் மருந்து வியாபாரி என்பதால் இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். உங்கள் டிக்கியில் என்ன போகும்? அட்டைப்பெட்டி, பஞ்சு, சர்ஜிக்கல் ஸ்பிரிட், சானிடைசர். சிலிண்டர் வந்த பிறகு இடம் பாதியாகிவிடும். பெட்டியைச் சிலிண்டர் மேலேயே அடுக்கத் தோன்றும். அதை மட்டும் செய்யாதீர்கள். சூட்டில் உருகும் அந்தக் காவல் இருப்பது வால்வுப் பக்கத்தில். தீ வால்வுக்குத் தூரத்தில், சிலிண்டரின் மறுமுனையில் ஒரே இடத்தைச் சுட்டுக்கொண்டிருந்தால் காவலுக்குச் செய்தி போகாது, அதற்குள் அங்கே எஃகு பலமிழந்துவிடும். 2007-இல் அமெரிக்காவின் சியாட்டிலில் யாரோ தீ வைத்ததில் கார் நிறுத்துமிடமே எரிந்தது. அங்கே நின்ற ஹோண்டா சிவிக் சிஎன்ஜி காரின் டேங்க், தீயணைப்பு வீரர்கள் நெருங்கும் நேரத்தில் வெடித்தது. காருக்குள் பிடித்த தீ டேங்க்கின் ஒரு பக்கத்தை மட்டும் சுட்டிருக்கிறது, காவல் திறக்கவில்லை. ஹோண்டா பிறகு அந்த மாடலைத் திரும்ப அழைத்துத் திருத்தம் செய்தது.

இன்னொரு பக்கமும் உண்டு. 2012 அக்டோபரில் நெதர்லாந்தின் வாசனார் ஊரில் ஒரு சிஎன்ஜி பேருந்து எரிந்தது. காவல்கள் சரியாகத் திறந்தன, சிலிண்டர் எதுவும் வெடிக்கவில்லை, உயிர்ச்சேதமும் இல்லை. ஆனால் வெளியேறிய வாயு பற்றி, கூரையிலிருந்து பக்கவாட்டில் பதினைந்து இருபது மீட்டர் நீளத்துக்குத் தீ நாக்கு நீட்டியது. எனவே உங்கள் வண்டியில் என்றாவது புகை வந்தால், இன்ஜினை நிறுத்தி எல்லோரையும் இறக்கி, நன்றாகத் தள்ளிப் போய் நில்லுங்கள். பக்கெட்டோடு பக்கத்தில் ஓடாதீர்கள். சாமான் போனால் போகட்டும்.

வெயிலைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். வேலூர்க்காரர் கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்? அக்னி நட்சத்திரத்தில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய வண்டிக்குள் 65, 70 டிகிரி ஏறலாம். 15 டிகிரியில் 200 பார் என்று நிரப்பிய வாயு அந்தச் சூட்டில் 260 பார் அளவுக்குப் போகும். வடிவமைக்கும்போதே அந்தக் கணக்கைப் போட்டுத்தான் செய்கிறார்கள். நல்ல சிலிண்டருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. வெயிலால் மட்டும் சிஎன்ஜி சிலிண்டர் வெடிக்காது. வெயிலில் வெடித்தது என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்ப வேண்டாம்.

பங்க்கில் இறக்கிவிடுவதற்குக் காரணம் எளிது. சிலிண்டரின் அழுத்தம் அடியிலிருந்து உச்சத்துக்கு ஏறுவது அந்தச் சில நிமிடங்களில்தான். வேகமாக நிரப்பும்போது சூடும் ஏறும். எங்கோ ஒரு பலவீனம் இருந்தால் அது வெளிப்பட வாய்ப்புள்ள நேரம் அது. பின்சீட்டில் பாட்டியும் குழந்தையும் தூங்கிக்கொண்டிருந்தாலும் எழுப்பி இறக்குங்கள். மழை பெய்தாலும் இறக்குங்கள். கம்பெனியிலேயே பொருத்தி வரும் கார்களில் நிரப்பும் மூடியைத் திறந்திருந்தால் இன்ஜின் ஸ்டார்ட் ஆகாதபடி ஒரு சுவிட்ச் இருக்கிறது. முனை மாட்டியிருப்பதை மறந்து வண்டியை எடுத்துவிடாமல் இருக்க அது உதவும்.

உங்கள் கடிதத்தில் என்னை உண்மையில் யோசிக்க வைத்தது அந்த ஷட்டர் போட்ட ஷெட்தான். மேலே போய்க் கலைந்துவிடும் என்று சொன்னேனே, கலைவதற்கு வழி இருந்தால்தான் கலையும். பத்தடி அகலம், பதினெட்டடி நீளம், பத்தடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே சுமார் 50 கன மீட்டர் காற்று. அதில் 5 சதவீதம் என்றால் இரண்டரை கன மீட்டர் மீத்தேன், ஏறக்குறைய ஒன்றே முக்கால் கிலோ. முழு டேங்க்கில் எட்டு கிலோ இருக்கிறது. ராத்திரி முழுக்க மெல்லக் கசிந்தால் அந்த அளவு சேர்ந்துவிடும். வாயு மேலே போவதால் கூரைக்கு அடியில் அதைவிடச் சீக்கிரமாகவே சேரும், டியூப்லைட் சுவிட்ச் தீப்பொறி போதும். மீத்தேனுக்கு மணம் கிடையாது. அழுகிய நாற்றம் தரும் ஒரு பொருளைச் சேர்த்து அனுப்புகிறார்கள். காற்றில் 1 சதவீதம் கலந்தாலே மூக்கில் தெரிய வேண்டும் என்பது கணக்கு, அதாவது பற்றும் அளவில் ஐந்தில் ஒரு பங்கு. சளி பிடித்த மூக்குக்கும் ஊதுவத்தி வாசனைக்கு நடுவிலும் தெரியாமல் போகலாம். எனவே கூரையை ஒட்டி, எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டு திறப்பு வைத்து ஜாலி பதியுங்கள். கொத்தனாருக்கு அரை நாள் வேலை. கீழே ஓட்டை வைத்துப் பிரயோஜனம் இல்லை. காலையில் ஷட்டரைத் தூக்கியதும் நாற்றம் அடித்தால் சுவிட்ச் எதையும் தொடாதீர்கள், சாவியைத் திருப்பாதீர்கள். அப்படியே திறந்துவிட்டுக் காற்றாட விட்டு, வால்வுத் திருகை மூடி, வண்டியைத் தள்ளி வெளியே கொண்டுவாருங்கள். எந்த மூட்டில் கசிகிறது என்று பார்க்கச் சோப்பு நுரை போதும். தீக்குச்சி கிழித்துப் பார்க்கிற ஆட்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

இனி உங்கள் மகள். அவள் சொல்வதில் பாதிக்கு மேல் சரி.

சிஎன்ஜிக்கு ‘சுத்தம்’ என்று பெயர் வந்தது டெல்லியில். சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடர்ந்த வழக்கில் 1998 ஜூலையில் உச்ச நீதிமன்றம், டெல்லிப் பேருந்துகள் எல்லாம் சிஎன்ஜிக்கு மாற வேண்டும் என்று உத்தரவிட்டது. இழுபறிக்குப் பின் 2002 கடைசியில் அது முடிந்தது. அன்றைய டீசல் பேருந்து விட்ட கரும்புகையைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று தெரியும். இப்போதும் டெல்லியில் மூச்சு முட்டுகிறதே என்றால், வண்டிகள் பல மடங்கு பெருகிவிட்டன, வைக்கோல் எரிப்பு, கட்டடத் தூசி, தொழிற்சாலைப் புகை எல்லாம் இருக்கின்றன. போதாததற்கு சிஎன்ஜியும் நைட்ரஜன் ஆக்சைடு விடுகிறது. சாலையில் ஓடும்போதே அளந்து ஐசிசிடி என்ற சர்வதேசப் போக்குவரத்து ஆய்வு அமைப்பு 2024-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், டெல்லி, குருகிராம் பகுதியில் ஒரு வகை சிஎன்ஜி சரக்கு வண்டிகள் ஆய்வகச் சோதனை வரம்பைப் போல 14 மடங்கு வரை அதை வெளியிட்டது தெரிந்தது. உங்கள் விஷயத்துக்கு இன்னொன்றும் கவனிக்க வேண்டும். சிஎன்ஜி ஜெயித்தது டீசல் புகைக்கு எதிராக. உங்களுடையது பெட்ரோல் கார். அதில் கரும்புகை முன்பே குறைவு. எனவே தெருக்காற்றுக்குக் கிடைக்கும் லாபம் சொற்பம். கிட்டைச் சரியாக ட்யூன் செய்யாவிட்டால் நஷ்டம்கூட ஆகலாம். எரியாமல் தப்பும் மீத்தேனை உங்கள் காரின் புகைக்குழாயில் நச்சு வாயுக்களைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் லேசில் பிடிக்காது.

புவி வெப்பக் கணக்கை ஒரு தாளில் போட்டுக் காட்டுகிறேன், மகளிடம் கொடுங்கள். பெட்ரோலில் லிட்டருக்கு 18 கிலோமீட்டர் என்றால், கிலோமீட்டருக்கு சுமார் 128 கிராம் கார்பன் டை ஆக்சைடு. சிஎன்ஜியில் கிலோவுக்கு 25 கிலோமீட்டர் என்றால் 110 கிராம். மிச்சம் 18 கிராம். ஒரு கிலோமீட்டருக்கு 40 கிராம் வாயு செலவாகிறது. கிணற்றிலிருந்து உங்கள் டேங்க் வரை வரும் வழியில் அதில் நூற்றுக்கு ஒன்று கசிந்தால் 0.4 கிராம் மீத்தேன். நூறாண்டுக் கணக்கில் மீத்தேன் கார்பன் டை ஆக்சைடைப் போல சுமார் 30 மடங்கு சூடேற்றும் என்பதால் அது 12 கிராமுக்குச் சமம். ஒன்றரை சதவீதம் கசிந்தால் மிச்சமான 18 கிராமும் போய்விட்டது. மீத்தேன் காற்றில் பன்னிரண்டு ஆண்டு அளவுக்குத்தான் தங்கும், ஆனால் இருக்கும் வரை கடுமை அதிகம். இருபதாண்டுக் கணக்கில் 80 மடங்குக்கும் மேல். அப்படிப் பார்த்தால் அரை சதவீதக் கசிவே போதும். அமெரிக்காவில் எண்ணெய், எரிவாயு வழித்தடம் முழுவதையும் அளந்து 2018-இல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வு, உற்பத்தியில் 2.3 சதவீதம் கசிகிறது என்றது. பெட்ரோலுக்கும் பின்னால் கிணறும் சுத்திகரிப்பு ஆலையும் உண்டு. அதைச் சேர்த்தால் சிஎன்ஜிக்குக் கொஞ்சம் சாதகமாகும். ஆனால் நாடு பயன்படுத்தும் எரிவாயுவில் ஏறத்தாழ பாதி, வெளிநாட்டில் குளிரவைத்துத் திரவமாக்கிக் கப்பலில் வருகிறது. 2019-இல் திறந்த எண்ணூர் முனையம் வழியாக நம் பக்கம் வருவதும் அப்படித்தான். குளிரவைக்கவே வாயுவில் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு செலவாகிறது. கூட்டிக் கழித்தால், பருவநிலைக்காக சிஎன்ஜிக்கு மாறுகிறேன் என்று நீங்கள் சொன்னால் நான் நம்ப மாட்டேன். பணத்துக்காக என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

உள்ளூரிலேயே தோண்டினால் என்ன என்று சிலர் கேட்பார்கள். நெடுவாசலும் கதிராமங்கலமும் 2017-இல் ஏன் தெருவுக்கு வந்தன, 2020-இல் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக ஏன் அறிவித்தார்கள் என்று அவர்களுக்கு நினைவூட்ட வேண்டியதுதான். குப்பை, சாணம், ஆலைக் கழிவிலிருந்து எடுக்கும் பயோ கேஸ் இதற்கு நல்ல மாற்று. எப்படியும் காற்றுக்குப் போகவிருந்த மீத்தேனைப் பிடித்து எரிக்கிறோம். மத்திய அரசின் சதத் திட்டம் 2018-இல் இதற்காக வந்தது. நாமக்கல் மாவட்டம் புதுச்சத்திரத்தில் ஒரு ஆலையும் இருக்கிறது. ஆனால் பங்க்கில் போய் ‘எனக்கு அந்த வாயுதான் வேண்டும்’ என்று கேட்டு வாங்க முடியாது.

ஆக, என்ன செய்யலாம்? உங்கள் காருக்கு எட்டு வயதைத் தாண்டிவிட்டது. தினமும் நூறு கிலோமீட்டர் ஓடுகிற வண்டிக்கு சிஎன்ஜி பணத்தை மிச்சப்படுத்தும், சந்தேகமில்லை. ஆனால் பழைய காரில் புது கிட் போடுவதைவிட, இதை விற்றுவிட்டு, கம்பெனியிலேயே சிஎன்ஜி பொருத்தி வந்த வண்டியை வாங்குவதே என் யோசனை. செகண்ட் ஹேண்ட் என்றாலும் பரவாயில்லை, ஹைட்ரோ டெஸ்ட் சான்றிதழையும் தகட்டையும் பார்த்து வாங்குங்கள். அவற்றில் எடையைத் தாங்க சஸ்பென்ஷன், வெட்டுப்படாத ஒயரிங், துருப்பிடிக்காத குழாய் எல்லாம் தொழிற்சாலையிலேயே அமைந்திருக்கும். டிக்கிக்குக் கீழே இரண்டு சின்ன சிலிண்டர்களாகப் பிரித்து வைத்த மாடல்களும் இப்போது உண்டு. உங்கள் பெட்டிகளுக்கு அது தோது. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதற்குக் கொஞ்சம் அதிகம் செலவழிக்கலாம்.

இல்லை, இதே காரில்தான் போட வேண்டும் என்றால், உங்கள் இன்ஜினுக்கென்று அங்கீகாரம் பெற்ற கிட், புது சிலிண்டர், அங்கீகாரம் பெற்ற மையம், இந்த மூன்றும் வேண்டும். பி.எஸ்.6 என்ற புதிய மாசு வரம்புப்படி வந்த வண்டிகளிலும் கிட் போட 2022 ஆகஸ்டில் அனுமதி வந்தது. உங்களுடையது அதற்கு முந்தையது என்பதால் அந்தச் சிக்கல் இல்லை. வேலை முடிந்ததும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்டி ஆர்.சி.யில் பெட்ரோல் என்பதைப் பெட்ரோல், சிஎன்ஜி என்று மாற்ற வேண்டும். அடுத்து இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவித்து, கூடுதல் பிரீமியம் கட்டி, கிட்டையும் பாலிசியில் சேர்க்க வேண்டும். இதைப் பலர் அடுத்த ரின்யூவலில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். சொல்லாமல் போட்ட கிட்டைக் காரணம் காட்டியே கிளெய்மை மறுக்கலாம். மாற்றிய ஆர்.சி.யும் மாற்றிய பாலிசியும் கைக்கு வரும் வரை பெட்ரோலிலேயே ஓட்டுங்கள், சிஎன்ஜி பங்க்குக்கு வண்டியைக் கொண்டுபோக வேண்டாம்.